முன்கதைக் குறுநாவல்களை எப்போது படிப்பது? ‘த்ரோன் ஆஃப் கிளாஸ்’ தொடரை முன்வைத்து

#1 நூலேணி

சாரா ஜே. மாஸ் எழுதிய ‘த்ரோன் ஆஃப் கிளாஸ்’ தொடரைக் கையில் எடுப்பவர்கள் எல்லோரும் முட்டி நிற்கும் இடம் ஒன்று உண்டு. நாவல்கள் ஏழு. அவற்றோடு ‘தி அசாசின்ஸ் பிளேட்’ என்ற குறுநாவல் தொகுப்பு ஒன்று. கதைப்படி அந்தத் தொகுப்பில் உள்ளவைதான் முதலில் நடக்கின்றன. குட்ரீட்ஸ் வாசகர் தளத்தில் அவற்றுக்கு 0.1 முதல் 0.5 வரை எண் போட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கு முன்னால் பூஜ்யம் வருகிறதே என்று பலர் அதைத்தான் முதலில் பிரிக்கிறார்கள். மூன்று நாவல் முடியும்வரை அதைத் தொடவே கூடாது என்று அடித்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

எந்த வரிசை நல்லது, ஏன் என்று காரணத்தோடு பேசலாம். மற்ற இளையோர் ஃபேண்டஸி தொடர்களின் முன்கதைகளும் வரட்டும். ஒரே வேண்டுகோள்: யார் சாகிறார், யார் யாரைக் காட்டிக்கொடுக்கிறார் என்று பெயர் சொல்லி எழுத வேண்டாம். இன்னும் படிக்காதவர்களுக்காகத்தான் இந்த இழை.

#2 பனையோலை

முதலில் எது எப்போது வந்தது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பாதிக் குழப்பம் அங்கேதான்.

2012 ஜனவரிக்கும் ஜூலைக்கும் நடுவில் நான்கு குறுநாவல்கள் மின்நூலாக வந்தன. ‘தி அசாசின் அண்ட் தி’ என்று தொடங்கும் தலைப்புகள்: பைரேட் லார்ட், டெசர்ட், அண்டர்வேர்ல்ட், எம்பயர். முதல் நாவல் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. 2013இல் இரண்டாம் நாவல் ‘கிரவுன் ஆஃப் மிட்நைட்’. 2014 மார்ச்சில்தான் அந்த நான்கையும் அச்சில் ஒன்றாகச் சேர்த்தார்கள். அப்போது ‘ஹீலர்’ என்ற ஐந்தாவது கதை புதிதாகச் சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மூன்றாவது ‘ஏர் ஆஃப் ஃபயர்’. பிறகு 2015 ‘குவீன் ஆஃப் ஷேடோஸ்’, 2016 ‘எம்பயர் ஆஃப் ஸ்டார்ம்ஸ்’, 2017 ‘டவர் ஆஃப் டான்’, 2018 ‘கிங்டம் ஆஃப் ஆஷ்’.

ஆக “வெளியான வரிசையில் படியுங்கள்” என்று ஒருவர் சொன்னால் அதற்கு இரண்டு பொருள் வந்துவிடுகிறது. மின்நூலாகப் பார்த்தால் நான்கு குறுநாவல்களும் முதல் நாவலுக்கு முன். அச்சுத் தொகுப்பாகப் பார்த்தால் இரண்டாம் நாவலுக்கும் மூன்றாம் நாவலுக்கும் நடுவே. இந்த அறிவுரையைச் சொல்பவர் எதை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: குறுநாவல் என்றதும் ஒரே மூச்சில் முடியும் சின்னப் புத்தகம் என்று நினைத்துவிட வேண்டாம். அறிவியல் புனைவு, ஃபேண்டஸி நூல்களுக்குத் தரப்படும் ஹியூகோ விருதின் அளவுகோலில் 17,500 சொல்லிலிருந்து 40,000 சொல் வரை உள்ளது குறுநாவல். நிமிடத்துக்கு 250 சொல் என்று படிப்பவருக்கு ஒரு மணி பத்து நிமிடம் முதல் இரண்டு மணி நாற்பது நிமிடம் வரை ஆகும். ‘பிளேட்’ தொகுப்பு நானூறு பக்கத்தைத் தாண்டும். ஒரு முழு நாவலுக்கான நேரத்தை அதற்கு ஒதுக்க வேண்டும்.

#3 மதில்பூனை

பனையோலை தந்த தேதிகளே என் கட்சிக்குச் சாட்சி. நான்கு கதைகள் முதல் நாவலுக்கு முன்பே வாசகர் கைக்கு வந்துவிட்டன. கதைக்காலமும் அதுதான், வெளியீட்டுக்காலமும் அதுதான். பிறகு எதற்கு மூன்றாம் நாவல்வரை ஒளித்துவைப்பது?

முதலில் படிப்பதில் உணர்வுரீதியான லாபமும் இருக்கிறது. முதல் நாவல் தொடங்கும்போது நாயகி செலேனா, எண்டோவியர் என்ற இடத்தின் உப்புச் சுரங்கத்தில் ஓராண்டு அடிமையாகக் கிடந்திருக்கிறாள். அவள் பெரிய கொலையாளி, எல்லோரும் நடுங்கும் பெயர் என்று நாவல் நம்மிடம் சொல்கிறது. சொல்கிறதே தவிர, அவள் உச்சத்தில் இருந்த நாட்களை அது காட்டுவதில்லை. அரண்மனையில் உடை, உணவு, புத்தகம் என்று மகிழ்கிற பதினெட்டு வயதுப் பெண்ணைப் பார்க்கும் புது வாசகருக்கு, “இவளா அந்தக் கொலையாளி?” என்ற சந்தேகம் வருகிறது. முதல் நாவலைப் பாதியில் மூடுபவர்கள் பலரும் சொல்லும் குறை இதுதான். குறுநாவல்களை முடித்துவிட்டு வருபவருக்கு அந்தச் சந்தேகமே எழாது. அந்த உடையும் உணவும் எவ்வளவு பெரிய இழப்புக்குப் பிறகு கிடைக்கின்றன என்று அவருக்குத் தெரியும்.

குறுநாவல்களில் செலேனாவின் மனதுக்கு நெருக்கமாகும் சக கொலையாளி சாம் விஷயமும் அப்படியே. முதல் நாவலில் சாம் வெறும் நினைவாக வந்துபோகிற பெயர். ‘பிளேட்’ படித்தவருக்கு அந்தப் பெயர் வரும் ஒவ்வொரு இடமும் நெஞ்சில் தைக்கும்.

#4 பனையோலை

மதில்பூனை, செலேனாவின் திறமை பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. முதலில் படிப்பதற்கு இருக்கும் மிக வலுவான காரணமே அதுதான். ஆனால் சாம் பற்றிய வாதம் இரண்டு பக்கமும் வெட்டும். தொகுப்பை முடித்த கையோடு முதல் நாவலைத் திறப்பவருக்குச் சாம் நேற்றுப் பார்த்த ஆள். செலேனாவுக்கோ நடுவில் ஓராண்டு போய்விட்டது. அந்த ஓராண்டை நாம் வாழவில்லை. அதனால் முதல் நாவலில் இளவரசன் டோரியனும் காவல்படைத் தலைவன் கேயோலும் அவள் வாழ்க்கையில் நெருங்கி வரும்போது, “இவ்வளவு சீக்கிரமா?” என்று வாசகர் எரிச்சலடைகிறார். நாவல் அந்த எரிச்சலை எதிர்பார்த்து எழுதப்படவில்லை. நாவலை முதலில் படித்தவருக்கு அந்த உறவுகள் இயல்பாகவே வளர்வதாகத் தெரியும்.

காட்டிக்கொடுத்த கதையும் இருக்கிறது. செலேனா எப்படிப் பிடிபட்டாள் என்பதை முதல் நாவல் கேள்வியாகவே விட்டுவைக்கிறது. குறுநாவல்களின் கடைசிக் கதை அதற்குப் பதிலை வாசகர் கையில் கொடுத்துவிடுகிறது. பதில் தெரிந்த பிறகு அந்தக் கேள்விக்கு ஈர்ப்பு கிடையாது.

மாயம் பற்றியும் ஒரு வார்த்தை. குறுநாவல்கள் நடக்கும் காலத்தில் அந்தக் கண்டத்தில் மாயம் அற்றுப்போயிருக்கிறது. வாளும் நஞ்சும் கப்பலும் பாலைவனமும்தான் அங்கே. ஃபேண்டஸி தேடி வருபவர் இதை முதல் புத்தகமாக எடுத்தால், தொடரே வெறும் கொலையாளி சாகசம் என்று தப்புக்கணக்குப் போடுவார். மாயக்குறிகளும் பழைய ரகசியங்களும் முதல் நாவலில்தான் தலைகாட்டத் தொடங்குகின்றன.

#5 கார்த்திகைப்பூ

நான் மூன்றாம் நாவலுக்குப் பிறகு என்ற அணி. காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வழக்கமாக இந்த அறிவுரையை மட்டும் சொல்லிவிட்டுக் காரணத்தை விட்டுவிடுகிறார்கள்.

குறுநாவல்களில் அறிமுகமாகும் ஆட்கள் முதன்மைக் கதைக்குத் திரும்பி வரும் இடத்தைப் பாருங்கள். செலேனாவை வளர்த்த கொலையாளிகளின் தலைவன் அரோபினும் இளம் கணிகை லைசாண்ட்ராவும் முழுப் பாத்திரங்களாகத் திரும்புவது நான்காவது ‘குவீன் ஆஃப் ஷேடோஸ்’ நாவலில். கடற்கொள்ளைத் தலைவன் ரோல்ஃபும் பாலைவனக் கதையின் ஆன்செலும் ஐந்தாவதில். வைத்தியப் பெண் யிரீன் ஆறாவதான ‘டவர் ஆஃப் டான்’ நாவலில் முதன்மைப் பாத்திரமாகவே வருகிறாள். முதல் மூன்று நாவல்களுக்கும் ‘பிளேட்’ கட்டாயமில்லை. நான்காவதிலிருந்து ஒவ்வொரு நாவலும் அதிலிருந்து ஏதோ ஒரு கடனைத் திருப்பிக் கேட்கிறது. தொடக்கத்திலேயே படித்துவிட்டால் யிரீன் திரும்பி வருவதற்குள் ஐந்து தடித்த நாவல்கள் ஓடிவிடும். விடுதியில் பார்த்த அந்தப் பெண் யார் என்று யோசிக்க வேண்டியதாகிவிடும். ஆசிரியர் வைத்திருக்கும் அடி அங்கே விழாமல் போகிறது.

இடமும் பொருந்துகிறது. மூன்றாம் நாவலில் செலேனா வேறு நாட்டில் இருக்கிறாள். நான்காவதில் ரிஃப்ட்ஹோல்ட் நகரத்துக்குத் திரும்புகிறாள். தொகுப்பின் கடைசி இரண்டு கதைகள் நடப்பது அதே நகரத்தில், அதே தெருக்களில், அதே மாளிகையில். அவற்றைப் படித்து முடித்துவிட்டு நான்காம் நாவலைத் திறந்தால் அவள் எந்த மனநிலையோடு அந்த ஊருக்குள் நுழைகிறாள் என்பதை ஆசிரியர் விளக்க வேண்டிய தேவையே இல்லை.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியமானது. இரண்டாம் நாவலின் முடிவில் செலேனாவைப் பற்றிய மிகப் பெரிய உண்மை வெளியாகிறது. அது தெரிந்த கண்ணோடு ‘பிளேட்’ படிக்கும்போது, தன் சிறுவயதைப் பற்றி அவள் பேச மறுக்கும் இடங்கள், அரோபின் அவளை வளர்த்த விதம், ஆணவமாகத் தெரிந்த சில பதில்கள் எல்லாமே வேறு அர்த்தம் கொள்கின்றன. முதலில் படிப்பவர் இந்த வரிகளைச் சாதாரண வரிகளாகக் கடந்துபோய்விடுகிறார்.

#6 கடலோடி

மூன்றாம் நாவல் பெரிய கொந்தளிப்பில் முடிகிறது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு நானூறு பக்கம் பின்னோக்கிப் போவது கொடுமையாக இருக்காதா? இரண்டாவதுக்குப் பிறகு படித்தால் என்ன? அச்சுத் தொகுப்பு வந்ததும் அந்த இடத்தில்தானே.

#7 கார்த்திகைப்பூ

நியாயமான கேள்வி. இரண்டாவதுக்குப் பிறகு படிப்பது தவறே இல்லை. மேலே சொன்ன பெரிய உண்மை அப்போதே தெரிந்துவிடுகிறது, தொகுப்பின் பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

சிக்கல் மூன்றாம் நாவலின் தொடக்கத்தில் வருகிறது. ‘ஏர் ஆஃப் ஃபயர்’ புது நாடு, புது ஆட்கள், சூனியக்காரிகளின் தனிக் கிளைக்கதை என்று மெதுவாகச் சூடு பிடிக்கும் நாவல். இரண்டாவதின் முடிவு தரும் வேகம்தான் வாசகரை அந்த முதல் நூறு பக்கங்களில் தள்ளிக்கொண்டு போகிறது. நடுவில் முன்கதைத் தொகுப்பை நுழைத்தால் அந்த வேகம் ஆறிப்போய், மூன்றாம் நாவல் இழுவையாகத் தெரியும். நான்காவதுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது, முதல் அத்தியாயத்திலிருந்தே ஓட்டம்தான்.

முடிவின் கொந்தளிப்பைத் தாங்க முடியாதவர்கள் இரண்டாவதுக்குப் பிறகு படிக்கலாம். மற்றவர்கள் மூன்றாவதுக்குப் பிறகு. நான்காவதைத் திறப்பதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

#8 கடலோடி

அப்படியானால் தொகுப்பையே பிரித்து, லைசாண்ட்ரா கதையை நான்காவதுக்கு முன், ரோல்ஃப் கதையை ஐந்தாவதுக்கு முன், யிரீன் கதையை ஆறாவதுக்கு முன் என்று படிக்கலாமா?

#9 பனையோலை

வேண்டாம் நண்பரே. ஐந்தும் ஒரே சங்கிலி. முதல் கதையில் கொள்ளையர் தீவில் செலேனா எடுக்கும் முடிவுக்குத் தண்டனையாகத்தான் அவள் பாலைவனத்துக்கு அனுப்பப்படுகிறாள். மௌன குருவிடம் ஒரு மாதம் பயிற்சி பெற்று, அவரிடமிருந்து ஒப்புதல் கடிதம் வாங்கி வர வேண்டும் என்பது நிபந்தனை. அங்கே போகும் வழியில் தங்கும் துறைமுக விடுதியில் நடப்பதுதான் ‘ஹீலர்’. பாலைவனத்திலிருந்து திரும்பிய பிறகு நடப்பது ‘அண்டர்வேர்ல்ட்’. அதன் விளைவு ‘எம்பயர்’. தனித்தனியாக விற்கப்பட்டதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு இருக்கிறது, ஆனால் அரோபினோடும் சாமோடும் அவளுக்குள்ள உறவு படிப்படியாக மாறுவது ஐந்தையும் தொடர்ந்து படித்தால்தான் புரியும். பிரித்தால் சாம் ஒரு கதையில் எதிரியாகவும் இரண்டு மாதம் கழித்து எடுக்கும் கதையில் வேறு ஆளாகவும் தெரிவான்.

‘ஹீலர்’ மட்டும் விதிவிலக்கு. ஐந்தில் அதுதான் சின்னது. தொகுப்போடு ஒருமுறை படித்துவிட்டு, ஆறாவது நாவலுக்கு முன் அதை மட்டும் மறுபடி ஒருமுறை படியுங்கள். யிரீன் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு சிறு பொருளின் முழுக்கனமும் அப்போதுதான் தெரியும்.

இதோடு ஒரு எச்சரிக்கை. 2012இன் நான்கு மின்நூல்களையும் தனித்தனியாக வாங்கி வைத்திருப்பவர்கள் தொகுப்பு தங்களிடம் முழுமையாக இருப்பதாக நினைக்கிறார்கள். ‘ஹீலர்’ அந்த நான்கில் இல்லை. தொடரின் பிற்பகுதிக்கு மிகத் தேவையான கதையே அதுதான்.

#10 மதில்பூனை

‘டவர் ஆஃப் டான்’ பேச்சு வந்ததால் சொல்கிறேன். அதுவும் முதலில் கேயோலைப் பற்றிய குறுநாவல் என்றுதான் அறிவிக்கப்பட்டது. எழுத எழுத வளர்ந்து முழு நாவலாகிவிட்டது. ‘எம்பயர் ஆஃப் ஸ்டார்ம்ஸ்’ நடக்கும் அதே காலத்தில் வேறு கண்டத்தில் நடக்கும் கதை. பக்கக் கதைதானே என்று அதைத் தாண்டிவிட்டுக் கடைசி நாவலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போனால் கடைசி நாவலில் பாதிப் படைகள் எங்கிருந்து வந்தன என்றே தெரியாது. குறுநாவலாகத் தொடங்கியது என்பதற்காக எதையும் விருப்பப் பாடமாக நினைக்கக் கூடாது.

#11 நூலேணி

அருமை. மற்ற தொடர்களுக்கு இதே கணக்கு ஒத்துவருமா?

#12 வெண்ணிலவன்

ஒத்துவராது. ஒவ்வொரு தொடரிலும் முன்கதை செய்யும் வேலை வேறு. மூன்று உதாரணம் தருகிறேன்.

விக்டோரியா ஏவ்யார்டின் ‘ரெட் குவீன்’. முதல் நாவல் 2015. ‘குவீன் சாங்’, ‘ஸ்டீல் ஸ்கார்ஸ்’ என்ற இரண்டு முன்கதைகளையும் 2016இல் ‘குரூயல் கிரவுன்’ என்ற பெயரில் சேர்த்தார்கள். ‘குவீன் சாங்’ இறந்துபோன அரசியின் கதை. முதல் நாவலின் கடைசித் திருப்பம், அரண்மனையில் யாரை நம்பலாம் என்பதில் வாசகர் தடுமாறுவதை நம்பித்தான் நிற்கிறது. அந்த அரண்மனையின் பழைய கணக்குகள் முன்கூட்டியே தெரிந்தவர் முதல் பக்கத்திலிருந்தே சந்தேகக் கண்ணோடு படிப்பார், திருப்பம் சப்பென்று போய்விடும். ‘ஸ்டீல் ஸ்கார்ஸ்’ கதைக்கு வேறு சிக்கல். அதில் பாதி, புரட்சிப்படையின் ரகசியத் தகவல் பரிமாற்றங்கள், மறைபெயர்களோடு. ஃபார்லி யார், அந்த இயக்கம் என்ன என்று முதல் நாவலில் தெரிந்துகொள்ளாமல் அதற்குள் போனால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும். இரண்டையும் முதல் நாவலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் வையுங்கள்.

வாங்கும்போது கவனிக்க: 2019இல் வந்த ‘புரோக்கன் துரோன்’ தொகுப்பில் இந்த இரண்டும் இருக்கின்றன. கூடவே 2018இல் முடிந்த கடைசி நாவலுக்குப் பிறகு நடக்கும் கதைகளும் இருக்கின்றன. அதை வாங்குபவர் ‘குரூயல் கிரவுன்’ தனியாக வாங்க வேண்டியதில்லை, ஆனால் தொடக்கத்தில் அந்தத் தொகுப்பை முழுவதும் படித்துவிடவும் கூடாது. இரண்டு கதைகளை மட்டும் படித்துவிட்டு மூடி வைத்துவிட வேண்டும்.

மரிஸ்ஸா மேயரின் ‘லூனார் கிரானிக்கிள்ஸ்’. இது அறிவியல் புனைவும் தேவதைக் கதையும் கலந்தது. ‘ஃபேரஸ்ட்’ என்ற குறுநாவல் வில்லி அரசி லெவானாவின் இளமைக்காலம். கதைப்படி எல்லாவற்றுக்கும் முந்தியது, ஆனால் 2015 ஜனவரியில், மூன்றாம் நாவலுக்கும் நான்காவதான இறுதி நாவலுக்கும் நடுவே வெளியிட்டார்கள். அந்த இடம் மிகச் சரியான இடம். மூன்று நாவல்களில் வெறுத்த ஒருத்தியின் உள்ளுக்குள் போய்ப் பார்த்துவிட்டு இறுதி மோதலுக்கு வருகிறோம். முதலிலேயே படித்தால் அவளைப் பற்றிய பயம் உருவாகவே வாய்ப்பில்லை. வில்லனின் முன்கதை எந்தத் தொடரில் வந்தாலும் முதலில் படிக்காதீர்கள். பயந்த பிறகுதான் புரிந்துகொள்ள வேண்டும்.

அதே தொடரின் ‘ஸ்டார்ஸ் அபவ்’ தொகுப்பு 2016இல் வந்தது, ஒன்பது கதைகள். நாயகி சின்டரின் சிறுவயது பற்றிய முன்கதையும் அதில் உண்டு, தொடர் முடிந்த பிறகு நடக்கும் கடைசிக் கதையும் உண்டு. தொகுப்பின் முதல் கதையே முதல் நாவலின் ரகசியத்தைத் தொட்டுவிடுகிறது. நான்கு நாவலும் முடியும்வரை அதைத் திறக்க வேண்டாம்.

பிலிப் புல்மனின் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி நார்த்’, 2008. ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ முத்தொகுதி 1995 முதல் 2000 வரை. பலூன் ஓட்டி லீ ஸ்கோர்ஸ்பியும் கவசக் கரடி யோரெக்கும் முதன்முதலில் சந்திக்கும் கதை. கதை தன்னளவில் தனியாக நிற்கிறது, முத்தொகுதியின் எந்த மர்மத்தையும் அது உடைப்பதில்லை. அப்படியும் பின்னால் படிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புத்தகத்தின் கடைசியில் இணைப்பாக வரும் தாள்கள், முத்தொகுதியின் நாயகியான சிறுமி லைரா வளர்ந்த பிறகான காலத்தைப் பற்றியவை. முத்தொகுதியில் லைரா ஆபத்தில் சிக்கும் ஒவ்வொரு இடத்திலும் அது நினைவுக்கு வந்து தொலைக்கும்.

#13 மதில்பூனை

எழுத்தாளரே காலவரிசையை ஆதரித்த உதாரணமும் இருக்கிறதே. சி. எஸ். லூயிஸின் நார்னியா தொடரில் ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ 1955இல் ஆறாவதாக வந்த புத்தகம், கதைப்படி முதலாவது. அதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று நினைத்த ஒரு அமெரிக்கச் சிறுவனுக்கு 1957இல் எழுதிய கடிதத்தில் லூயிஸ், அந்த வரிசைதான் தனக்கும் பிடித்திருக்கிறது என்றார். பின்னாளில் பதிப்பாளர்களும் அப்படியே எண் போட்டார்கள்.

#14 பனையோலை

அதே கடிதத்தில், எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை போலும் என்றும் எழுதியிருக்கிறார். தொடரைத் திட்டமிட்டு எழுதவில்லை என்றும் சொல்கிறார். அதை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

நார்னியாவே என் கட்சிக்கு நல்ல சான்று. 1950இல் வந்த முதல் புத்தகத்தில் லூசி என்ற சிறுமி அலமாரிக்குள் நுழைந்து பனிக்காட்டுக்குள் போகிறாள். காட்டின் நடுவே ஒரு தெருவிளக்கு எரிகிறது. ஏன், யார் வைத்தார்கள், தெரியாது. அந்த ‘தெரியாது’ என்பதில்தான் அந்தக் காட்சியின் மொத்த அழகும் இருக்கிறது. ‘நெஃப்யூ’ அந்த விளக்கு எப்படி வந்தது என்று சொல்கிறது. முதலில் கேள்வியைச் சந்தித்தவருக்குப் பதில் பரிசாகக் கிடைக்கிறது. பதிலை முதலில் படித்தவருக்குத் தெருவிளக்கைப் பார்த்ததும் “ஆமாம், அதுதானே” என்று தோன்றும், அவ்வளவுதான்.

எந்த முன்கதைக்கும் நான் கேட்கும் கேள்வி இதுதான்: இது பதில் சொல்லும் கேள்வி முதன்மை நாவலில் எந்த இடத்தில் எழுகிறது? அந்த இடத்தைத் தாண்டிய பிறகு படியுங்கள்.

#15 அலைவரிசை

தொடரே தெரியாதபோது அந்தக் கேள்விக்கு எப்படி விடை கண்டுபிடிப்பது? ஸ்பாய்லர் படிக்காமல்?

#16 வெண்ணிலவன்

புத்தகத்திலேயே பல தடயங்கள் இருக்கும்.

காப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். முன்கதை வந்த ஆண்டையும் ஒவ்வொரு நாவல் வந்த ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முன்கதைக்கு முந்தைய ஆண்டுவரை வந்த நாவல்களைப் படித்த வாசகரை மனதில் வைத்துத்தான் ஆசிரியர் அதை எழுதியிருப்பார். தொகுப்பாக இருந்தால் கதைக்குக் கதை ஆண்டு மாறும். தொகுப்பின் ஆண்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

அடுத்து, கதை யாருடையது? நாயகியே மையம் என்றால் முதல் சில நாவல்களுக்குள் எங்கே வைத்தாலும் சமாளிக்கலாம். வில்லன் என்றால் கடைசி நாவலுக்கு முன். துணைப் பாத்திரம் என்றால் அந்தப் பாத்திரம் பெரிதாக வரும் நாவலுக்குச் சற்று முன்.

பின்பக்கங்களில் அடுத்த நாவலின் மாதிரி அத்தியாயம் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள், ஆனால் படிக்க வேண்டாம். எந்த நாவலின் மாதிரி என்ற தலைப்பு மட்டும் போதும். அந்த நாவலுக்கு முந்தைய இடத்தைத்தான் பதிப்பாளர் மனதில் வைத்திருக்கிறார்.

முதல் இரண்டு பக்கம் படித்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. ஊர், பதவி, பழைய போர் என்று பெயர்கள் விளக்கமே இல்லாமல் கொட்டினால், ஏற்கெனவே தெரிந்தவருக்காக எழுதப்பட்டது. ஒவ்வொன்றையும் நின்று அறிமுகப்படுத்தினால் புது வாசகரும் உள்ளே வரலாம்.

குட்ரீட்ஸின் 0.5, 1.5 எண்களை இந்த முடிவுக்குப் பயன்படுத்த வேண்டாம். அவை பெரும்பாலும் கதைக்காலத்தைக் காட்டுபவை. விக்கி பக்கங்களையும் தவிர்த்துவிடுங்கள். பாத்திரத்தின் பெயருக்குக் கீழேயே ‘நிலை: இறந்துவிட்டார்’ என்று போட்டிருப்பார்கள்.

#17 அலைவரிசை

நன்றி. மின்நூல் குறுநாவல்களைப் பற்றி என் பங்குக்கு ஒன்று. கிண்டிலில் 70 விழுக்காடு காட்டும்போதே கதை சட்டென்று முடிந்துவிடும். மீதி 30 விழுக்காடு நாவலின் மாதிரி அத்தியாயங்கள். இன்னும் நிறைய இருக்கிறது என்று நினைத்துப் படிப்பவருக்கு முடிவு அரைகுறையாகத் தோன்றும், அந்தக் கோபத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. தொடங்கும்போதே உள்ளடக்கத்தைத் திறந்து கதை எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை.

#18 செம்பருத்தி

13, 14 வயதுப் பிள்ளைகளுக்கு ‘அசாசின்ஸ் பிளேட்’ கொடுக்கலாமா? குறுநாவல்தானே, தொடரை ருசிபார்க்க நல்லதாக இருக்கும் என்று சிலர் பரிந்துரைக்கிறார்கள்.

#19 கார்த்திகைப்பூ

ருசிபார்க்க முதல் நாவலே பொருத்தமானது, சகோ. தொகுப்பில் அடிமை வியாபாரம், சித்திரவதை, ஒரு இளம்பெண்ணை ஏலம் விடும் பகுதி எல்லாம் இருக்கின்றன. கடைசிக் கதை முதல் நாவலைவிட இருட்டானது. பின்பாதி நாவல்களில், குறிப்பாக ஐந்தாவதிலிருந்து, வயதுவந்தோருக்கான நெருக்கக் காட்சிகளும் உண்டு. இளையோர் அலமாரியில் தொடங்கிய தொடர் என்பதால் எட்டுப் புத்தகமும் ஒரே வயதுக்கானவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரியவர் ஒருவர் முன்னால் படித்துவிட்டு ஒவ்வொன்றாகக் கொடுப்பது நல்லது.

#20 கடலோடி

கடைசியாக ஒன்று. ‘பிளேட்’ முதலில் படித்து முடித்தாயிற்று, இப்போது முதல் நாவலில் நூறு பக்கம். செலேனா வேறு ஆள் மாதிரி இருக்கிறாள், சுவாரசியம் குறைகிறது. இந்த நிலையில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

#21 மதில்பூனை

விட்டுவிடாதீர்கள். முதலில் படிக்கச் சொல்லும் கட்சி என்பதால் இதற்குப் பதில் சொல்வது என் பொறுப்பு.

சுரங்கத்தில் ஓராண்டு போனதை நாவல் சில பக்கங்களில் கடந்துவிடுகிறது. அதை மெதுவாகப் படியுங்கள்: உடல் மெலிந்திருக்கிறாள், முதுகில் தழும்புகள், பயிற்சியில் மூச்சு வாங்குகிறது. அரசனின் வீரரைத் தேர்ந்தெடுக்க அரண்மனையில் நடக்கும் போட்டி முன்னேற முன்னேறத்தான் பழைய வலு திரும்பி வரும். அவள் சிரிப்பும் வாயாடலும் சாமை மறந்துவிட்டதன் அடையாளமல்ல. எதைப் பேசாமல் தாண்டுகிறாள் என்று கவனியுங்கள், தொகுப்பைப் படித்த உங்களுக்கு மட்டும்தான் அது தெரியும்.

முதல் நாவலை முடித்ததும் இடைவெளி விடாமல் இரண்டாவதை எடுங்கள். ‘பிளேட்’ காட்டிய செலேனா அதில்தான் முழுமையாகத் திரும்புகிறாள். பிறகு மூன்றாவது. நான்காவதுக்கு முன் தொகுப்பை முழுக்க மறுவாசிப்பு செய்ய நேரம் இல்லையென்றால் ‘அண்டர்வேர்ல்ட்’, ‘எம்பயர்’ இரண்டை மட்டும் படித்துக்கொள்ளுங்கள். ‘ஹீலர்’ மறுவாசிப்பைப் பனையோலை சொன்னபடி ஆறாவதுக்கு முன் வைத்துக்கொள்ளலாம்.